ஒரு கால் மட்டும் வீங்கினால்...



நான் மருத்துவர் அல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு, தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திக் கொண்டிருப்பவன். மருத்துவர்களை எதிரில் உட்கார வைத்து எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் கேட்க வேண்டிய நேரத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இன்று இங்கே நிற்கிறேன்.

என் அத்தை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயமும் காலியான பிறகு ஈப்போவுக்கு எங்களோடு வந்துவிட்டார். ஒரு தீபாவளி சமயத்தில் அவருக்கு இடது கால் மட்டும் வீங்கியது. "அடுப்படியிலேயே நின்று பலகாரம் சுட்டால் வீங்காதா?" என்றோம். எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டோம். பக்கத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கால் நரம்புக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. ஏன் உறைந்தது என்று தேடிப் பார்த்தபோது பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அத்தை அதன்பிறகு எட்டு மாதம் இருந்தார்.

படுக்கையில் இருந்தபடி அவர் ஒருநாள் கேட்டார்: "ஏம்பா, கால்ல வந்த வீக்கத்துக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன். அத்தைக்குச் சொல்ல முடியாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். விடியற்காலையில் மரத்தைச் சீவினால் பால் வடிகிறது. சில மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. யார் நிறுத்தியது? பாலுக்குள் இருக்கும் நுண்ணிய பைகள் உடைந்து, வெட்டுவாயில் பாலை உறைய வைத்து அடைத்துவிடுகின்றன. இல்லாவிட்டால் மரம் வடிந்தே செத்துப்போகும். எடுத்த பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். உறைய வேண்டும் என்றால் ஆசிட் ஊற்றுவார்கள். எப்போது உறைய வேண்டும், எப்போது உறையக் கூடாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நம் இரத்தமும் அப்படித்தான். அடைக்கும் வேலையை முதலில் செய்பவை தட்டணுக்கள். டிங்கிக் காய்ச்சலில் 'பிளேட்லெட் இறங்கிவிட்டது' என்று பயப்படுகிறோமே, அதே அணுக்கள்தான். காயம் பட்டதும் அவை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத நூல்கள் வலை பின்னும். காயம் ஆறியதும் உடம்பே அந்த வலையைக் கரைத்துவிடும். உறைய வைக்கும் சக்தியும் கரைக்கும் சக்தியும் சமமாக இருக்கும்வரை நமக்குத் தொல்லை இல்லை.

புற்றுநோய் இந்தச் சமநிலையைக் கெடுக்கிறது. இரத்த உறைவைத் தொடங்கி வைக்கும் ஒரு புரதம் வழக்கமாக இரத்தக் குழாய்க்கு வெளியேதான் இருக்கும். காயம் பட்டால் மட்டுமே இரத்தம் அதைச் சந்திக்கும். பல புற்றுநோய் அணுக்கள் அந்தப் புரதத்தைத் தங்கள் மேலேயே சுமந்து திரிகின்றன. 'எங்கோ காயம்' என்று ஏமாந்து இரத்தம் உறையத் தொடங்குகிறது. ஆகவே கட்டி குடலில் இருந்தாலும் இரத்தம் காலில் உறையலாம். அமெரிக்க மருத்துவர் ஹெரால்ட் டுவோராக், புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று 1986-இல் வருணித்தார்.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. பிரெஞ்சு மருத்துவர் அர்மோன் துரூசோ 1865-இலேயே இதைப் பற்றி விரிவுரை செய்தார். காரணமில்லாமல் நரம்பில் இரத்தம் உறைந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். 1867-இல் அவருக்கே அப்படி இரத்தம் உறைந்தது. தன் முடிவு நெருங்கிவிட்டதை அவரே புரிந்துகொண்டார். அதே ஆண்டு வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. ஓர் இடத்தில் இருக்கும் புற்றுநோய் பரவ வேண்டுமானால் அதன் அணுக்கள் இரத்தத்தில் பயணம் செய்ய வேண்டும். அப்படிப் புறப்படுபவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே அழிகின்றன. இரத்த ஓட்டத்தின் வேகமும் நம் நோய் எதிர்ப்பு அணுக்களும் அவற்றைத் தீர்த்துவிடும். தப்பிப் பிழைப்பவை என்ன செய்கின்றன தெரியுமா? தட்டணுக்களைத் தங்களைச் சுற்றி ஒட்டவைத்துப் போர்வையாகப் போர்த்திக்கொள்கின்றன. காவல் அணுக்களின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டி வெளியேறவும் தட்டணுக்கள் உதவுகின்றன. எலிகளின் தட்டணுக்களைக் குறைத்தபோது புற்றுநோய் பரவுவதும் குறைந்தது என்பதை 1968-இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் ஒரு யோசனை வரும். "அப்படியானால் இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் பரவாதே?" எனக்கும் வந்தது. 'தினமும் ஓர் ஆஸ்பிரின்' என்று கைப்பேசியிலும் செய்திகள் சுற்றுகின்றன. தயவு செய்து நம்பிவிடாதீர்கள். எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை.

பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஹெப்பரின் வகை ஊசியும் போட்டார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. இரத்தக் கட்டிகள் குறைந்தன. ஆனால் ஆயுள் கூடவில்லை, இரத்தக் கசிவுதான் அதிகரித்தது. சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மையத்தின் தலைமையில், குடல் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 2025-இல் வெளியான முடிவில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதே ஆண்டு வெளிவந்த சுவீடன் ஆய்வில், கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்த குடல் புற்றுநோயாளிகளுக்கு ஆஸ்பிரின் நோய் திரும்புவதைப் பாதியளவு குறைத்தது. யாருக்குப் பொருந்தும் என்பதைப் பரிசோதித்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குடற்புண் உள்ளவருக்கும் டிங்கி கண்டவருக்கும் அதே ஆஸ்பிரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, நாம் என்னதான் செய்வது?

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் உருவிவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடல் இளைத்தது, மலத்தில் இரத்தம் போனது என்பதையெல்லாம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். என் அத்தை இரண்டையும் மறைத்திருந்தார்.

வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், "இவருக்கு இரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குத் தடுப்பும் உண்டு, சிகிச்சையும் உண்டு. 50 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

அதற்காக இரத்தக் கட்டி வந்தவர்கள் எல்லாரும் பதற வேண்டாம். காரணம் தெரியாமல் கட்டி வந்தவர்களில், அடுத்த ஓராண்டுக்குள் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது நூற்றில் ஏறக்குறைய 5 பேருக்குத்தான். ஆனால் அந்த ஐந்தில் ஒருவர் நம் வீட்டவராக இருக்கலாம் அல்லவா?

நம் நாட்டில் 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் 63.7 விழுக்காடு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவந்தன என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது. அந்தக் கணக்கில் இருப்பவர்கள் நம் அம்மாக்கள், அத்தைகள், அண்ணன்கள்.

முப்பது ஆண்டுகள் பால் உறைவதைப் பார்த்தவர் என் அத்தை. தன் காலில் இரத்தம் உறைந்ததை அவரும் அறியவில்லை, படித்த நானும் அறியவில்லை. நேயர்களே, இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கால்களைக் கொஞ்சம் பாருங்கள்.