சூசன்னாவின் கூக்குரல்
(யூபிலி ஆண்டுக் குடும்ப தினத்தன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விவிலிய மரபில் யூபிலி என்பது கட்டுண்டவர்கள் விடுதலை பெற்று வீடு திரும்பும் ஆண்டு. நம் பங்கில் கடனால் கட்டுண்டவர்களை நாம் அறிவோம். குடியால் கட்டுண்டவர்களையும் அறிவோம். ஆனால் கைபேசியில் செய்தி வரும் ஒலி கேட்டாலே நடுங்கி, உணவும் உறக்கமும் இழந்து, பெற்றோரிடமும் வாய் திறக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளை நாம் அறிவதில்லை. சமூக வலைத்தளங்கள் வழியாக நடக்கும் மிரட்டலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கருவி புதிது, பாவம் பழையது. தானியேல் ஆகமம் 13-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தவக்காலம் 5-ம் வாரத் திங்களன்று திருப்பலியில் இது வாசிக்கப்படுகிறது. அன்று கோவிலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது நமக்கும் உங்களுக்கும் தெரிந்ததே! பாபிலோனில் யோவாக்கிம் என்பவரின் மனைவி சூசன்னா. மக்களுக்கு நடுவர்களாயிருந்த முதியவர் இருவர் தோட்டத்தில் ஒளிந்திருந்து, அவள் தனித்திருந்த வேளையில் வழிமறித்தனர். "எங்களுக்கு இணங்கு, மறுத்தால், ஓர் இளைஞனோடு இருந்தாய் என்று சாட்சி சொல்வோம்" என்பதே அவர்கள் மிரட்டலின் சாரம். அவள் இணங்கவில்லை, உரத்த குரலில் கூவினாள்.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சபை அவளை நம்பவில்லை! பெரியவர்கள், நடுவர்கள் சொல்கிறார்களே என்று அவளுக்குச் சாவுத் தீர்ப்பு அளித்தது. தானியேல் என்னும் இளைஞன் எழுந்து, இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று வினவியபோது ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி அகப்பட்டனர். விசாரிக்காமல் தீர்ப்பிடும் ஊர் வாயை நம்பியே அம்முதியவர்கள் மிரட்டத் துணிந்தார்கள். இன்றைய மிரட்டல்காரனின் மூலதனமும் அதுவே.

அவன் வேலை செய்யும் விதம் பலவாறானது. முகமறியாத பெண்ணிடமிருந்து இரவில் வீடியோ அழைப்பு வரும். அதைப் பதிவு செய்து பணம் கேட்பார்கள். பின்னர் போலீஸ் அதிகாரி என்று சொல்லி வேறொருவன் பேசுவான். இதில் சிக்குவோர் வாலிபர்கள் மட்டுமல்ல. நரைத்த தலைகளும் உண்டு. ஞாயிறு புடவையில் எடுத்த படத்தின் முகத்தை வெட்டி வேறொரு உடலில் ஒட்டுவதும் நடக்கிறது. காதல் பேசி வாங்கிய படத்தைப் பிறகு ஆயுதமாக்குவது மிகக் கொடியது.

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுமுறையும் கேட்பான். பயத்தில் செய்திகளை அழித்துவிடவும் வேண்டாம். எண், கணக்கின் பெயர், மிரட்டல் வாசகம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தொடர்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே அங்கு தெரிவிக்க இயலும். குழந்தைகளுக்கு 1098 உண்டு. 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற தளம் 2021 முதல் இயங்குகிறது. அதில் படத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டுமே செல்லும். அதைக் கொண்டு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அப்படம் பரவாமல் தடுக்கின்றன. 18 வயதுக்குட்பட்டோருக்கு 'டேக் இட் டவுன்' என்ற தளம் இதே பணியைச் செய்கிறது.

பொள்ளாச்சியை நாம் மறக்கவில்லை. வீடியோ எடுத்து மிரட்டப்பட்டவர்கள் பலர். 2019-ல் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தாள். அவள் அடையாளம் வெளியாகி மேலும் துன்புற்றாள். "இவள் ஏன் போனாள்?" என்று கேட்ட வாய்கள் எத்தனை! ஆயினும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

பெற்றோரே, பிள்ளை அழுதுகொண்டு வந்தால் முதலில் கேளுங்கள். கைபேசியைப் பிடுங்குவதும் படிப்பை நிறுத்துவதும் வேண்டாம். அப்படிச் செய்தால், மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள். அத்தகைய படம் உங்கள் வாட்சப்புக்கு வந்தால் இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமே.

இறுதியாக இளையோருக்கு ஒன்று. மிரட்டப்படுவது பாவமல்ல, அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேவையில்லை. மனச்சுமையால் அங்கே சொன்னாலும் நன்றே, அந்த இரகசியம் கல்லறை வரை காக்கப்படும். ஆனால் அங்கே கேட்டதைக் கொண்டு நாம் உங்கள் தந்தையிடமும் பேச முடியாது, காவல் நிலையத்துக்கும் போக முடியாது. ஆகவே எழுந்து வெளியே வந்து, பங்கு இல்லத்தில் இன்னொருமுறை சொல்லுங்கள். மாதா சபைத் தலைவியை உடன் அழைத்து வரலாம். நள்ளிரவானாலும் மணியை அடியுங்கள்; காவல் நிலையத்துக்கு நாமும் உடன் வருவோம்.