இரண்டு கேள்வி, நான்கு பாத்தி

ஒட்டன்சத்திரம் பக்கம் சின்ன வெங்காயம் போடுபவர் சொட்டுநீரையும் தொழுஉரத்தையும் சேர்த்தே சோதிக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதானே முறை என்பார்கள்; இங்கிலாந்தின் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1926-லேயே அதை மறுத்தார். கணக்குக்காக நான்கு பாத்திகளை வைத்துக்கொள்வோம்: வாய்க்கால் பாசனத்தில் உரமின்றி 40 கிலோ, உரத்தோடு 50, சொட்டுநீரில் உரமின்றி 60, உரத்தோடு 90. சொட்டுநீரின் சராசரி 75, வாய்க்காலுக்கு 45. இடைவெளியான 30 கிலோதான் சொட்டுநீரின் முதன்மை விளைவு. உரத்துக்கு, உரமிட்டவற்றின் சராசரி 70-இல் உரமிடாதவற்றின் 50 போக 20. அதே நான்கு பாத்திகளே இரண்டு கேள்விக்கும் பதில் தந்துவிட்டன.

ஆனால் அந்த 20-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உரம் வாய்க்காலில் கூட்டியது 10, சொட்டுநீரில் 30. அப்படியானால் சராசரி வீணா? இல்லை, இரண்டிலும் உரம் விளைச்சலைக் கூட்டியிருக்கிறது. எவ்வளவு என்று சொல்லும்போது மட்டும் பாசனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மண் இடத்துக்கு இடம் மாறும்; இந்த நான்கையும் மூன்று இடங்களிலாவது திரும்பப் போட்டுப் பாருங்கள்.