மலையில் ஒருவர், மனையில் ஒருவர்



எல்லையில் காவல் நிற்கும் படைவீரரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வீட்டில் காத்திருக்கும் அவர் மனைவியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று இருவரையும் பற்றிப் பேசுவோம்.

வடக்கே உத்தரகண்ட் மாநிலத்தில் கர்வால் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே வயல்கள் படிக்கட்டு போல இருக்கும். எல்லாம் சின்னச் சின்னத் துண்டு நிலம். பெரும்பாலும் மழையை நம்பிய விவசாயம். கேழ்வரகும் குதிரைவாலியும் விளையும். அது வருஷம் முழுவதும் குடும்பத்துக்குப் போதாது. அதனால் ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். பலர் ராணுவத்தில் சேருகிறார்கள். 1887-ஆம் ஆண்டு முதல் கர்வால் மக்களுக்கென்று ஒரு படைப்பிரிவு உண்டு. அதன் தலைமை மையம் லான்ஸ்டவுன் என்ற மலை ஊரில் இருக்கிறது.

அந்த ஊர்ப்பக்கம் உள்ள ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் சிப்பாய். மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, மாமியார், ஒரு எருமை. கணவருக்கு லடாக்கில் வேலை.

மனைவியும் அங்கே போகலாமே என்று கேட்பீர்கள். போக முடியாது. ராணுவத்தில் இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று அமைதி நிலையம். அங்கே வீடு கிடைத்தால் குடும்பத்தோடு இருக்கலாம். இன்னொன்று களப் பகுதி. அங்கே குடும்பம் கூடாது.

சிப்பாய்க்கு ஆண்டு லீவு 60 நாள். சில்லறை லீவு 30 நாள். இரண்டையும் கூட்டினால் மூன்று மாதம். மீதி ஒன்பது மாதம் அவர் ஓரிடம், அவள் ஓரிடம்.

லீவு கிடைத்தாலும் வீடு வருவது எளிதல்ல. ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குப் போகும் சாலையில் சோஜி லா என்ற கணவாய் இருக்கிறது. உயரம் 11,500 அடிக்கு மேல். குளிர்காலத்தில் பனி கொட்டிப் பாதையை அடைத்துவிடும். அப்போது விமானத்தை நம்ப வேண்டும். வானம் தெளியாவிட்டால் விமானமும் கிளம்பாது. கையில் பெட்டியோடு காத்துக் கிடக்க வேண்டும். பிறகு சண்டிகர். அங்கிருந்து பஸ்சிலோ ரயிலிலோ கோட்துவார். அதற்குப் பிறகு மலைப்பாதை. கடைசியில் நடை.

வந்து சேர்ந்தவரைக் கண்டு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்பாவை அதற்கு அடையாளம் தெரியாது. அப்பாவின் மனம் வலிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்பது மாதம் அவள்தான் எல்லாம் பார்த்தாள். புல் அறுத்தாள். விறகு சுமந்தாள். ஊற்றில் தண்ணீர் எடுத்தாள். எருமையை விற்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்தாள். அவர் வந்த மூன்றாம் நாள், "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்கிறார். அவளுக்குக் கோபம் வருகிறது. இருவர் மேலும் தப்பில்லை. அவர் வீட்டை விட்டுப் போன நாளையே நினைத்துக்கொண்டிருந்தார். வீடு அதற்குள் வெகுதூரம் நடந்துவிட்டது. வந்தவர் கொஞ்ச நாள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தவள் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

இப்போது கடிதத்துக்கு வருவோம்.

எல்லையில் இருப்பவருக்கு எழுதும் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அதன் கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று இருக்கும். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். படை எங்கே இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இந்த முகவரியைச் சரியாக எழுதினால் போதும். கடிதம் பனிமலைக்கும் போய்ச் சேரும்.

முன்பெல்லாம் படிக்கத் தெரியாத மனைவி என்ன செய்வாள்? தபால்காரரைப் படிக்கச் சொல்வாள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பாள். பதிலும் அவர்கள்தான் எழுத வேண்டும். அடுத்தவர் வாயால் படிக்கும் கடிதத்தில் கணவர் என்ன எழுதுவார்? "நலம். நலம் அறிய ஆவல். பணம் அனுப்பியிருக்கிறேன்." அவ்வளவுதான். அவளும் மாமியாரோடு மனத்தாங்கல் என்று சொல்லி எழுதச் சொல்வாளா? உன்னை நினைத்து அழுதேன் என்று சொல்வாளா? மாட்டாள்.

தானே படித்து, தானே எழுதினால்தான் அது கணவன் மனைவி பேச்சு.

இப்போது செல்போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நல்லதுதான். ஆனால் உயர்ந்த காவல் முகாம்களில் எப்போதும் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். இங்கேயும் வீடு நிறைய ஆள். போன் பேச்சு காற்றோடு போகும். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். பத்து முறை படிக்கலாம்.

எழுத்து இன்னொன்றுக்கும் வேண்டும். கல்யாணம் ஆனதும் மனைவியின் பெயர் ராணுவப் பதிவேட்டில் ஏற வேண்டும். "பார்ட் டூ ஆர்டர்" என்று சொல்வார்கள். குழந்தை பிறந்தாலும் அப்படியே. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல். கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்ப பென்ஷன் வாங்க அந்தப் பதிவுதான் ஆதாரம். இதைப் பேசுவது அபசகுனம் என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல. இது குடும்பத்துக்குக் காவல். அடுத்த லீவில் அவர் வரும்போது, "என் பெயர் ஏறிவிட்டதா? எப்படி எழுதியிருக்கிறது?" என்று கேட்க வேண்டும். பேங்க் கணக்கும் இருவர் பெயரில் இருப்பது நல்லது.

நாம் நினைத்த குடும்பத்தில் வருஷம் முடிகிறது. படை செகந்திராபாத்துக்கு மாறுகிறது. அது அமைதி நிலையம். வீடு கிடைத்துவிட்டது. கணவரால் அழைத்துப் போக வர முடியவில்லை. டில்லியிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல். அவள் குழந்தையோடு ரயில் ஏறுகிறாள். டிக்கெட்டில் பெட்டி எண்ணைப் பார்க்கிறாள். ஆக்ரா, போபால், நாக்பூர் என்று ஒவ்வொரு பலகையாகப் படிக்கிறாள். யாரிடமும் கேட்காமல் சரியான நிலையத்தில் இறங்குகிறாள்.

பெரியோர்களே, தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவரை ராணுவத்துக்கு அனுப்பும் ஊர்கள் உண்டு. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு மனைவி இருக்கலாம். அவள் தனியாக இருக்கிறாளே என்று பரிதாபப்பட வேண்டாம். வம்பும் பேச வேண்டாம். அவள் செய்வதும் ஒரு காவல் வேலை. அறுப்பு நாளில் ஒரு கை கொடுங்கள். குழந்தைக்கு ஜுரம் என்றால் ஆஸ்பத்திரிக்குத் துணை போங்கள். அவள் கடிதத்தை மட்டும் அவளே படிக்கட்டும்.