சொல்லுக்குள் ஒரு பொருள், உள்ளுக்குள் ஒரு பொருள்
(பொத்துவிலில், மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடைபெறும்போது "போயிட்டு வாறன்" என்பது எங்கள் வழக்கம். வெறுமனே "போறன்" என்பது அமங்கலம். சொன்னவர் அன்று திரும்பி வரமாட்டார் என்பது எல்லார்க்கும் தெரியும். ஆயினும், வருவார் என்று நம்பிப் படலையடியில் காத்து நிற்கும் பிள்ளைகளும் உண்டு. நாம் அப்படி நின்றவர்களே. நாற்பதைக் கடந்த பின்னரும் எமக்குச் சொல் முதலில் சொல்லாகவே கேட்கிறது. உட்பொருளைப் பிறகு மனக்கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிறோம். பொழுது சாயும்போது களைத்துப்போவது அதனாலேயே.

இத்தகைய மன அமைப்பை வைத்தியர்கள் ஓட்டிசம் என்பர். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றனர். (இப்பெயரில் எமக்குத் திருப்தியில்லை, இறுகியது மதியன்று.) இது தொற்றும் பிணியன்று, பேய்க்கோளாறுமன்று, மூளை வளரும் முறையில் இளமையிலேயே அமைந்துவிடும் வேறுபாடு. லியோ கனர் என்ற வைத்தியர் 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது பலரறிய வந்தது. பின்பு நெடுங்காலம், தாயின் அன்புக்குறைவே காரணமென்று படித்தவர்களே பழி சுமத்தினர். அது பொய்யென்று இப்போது தெளிவாகிவிட்டது. இலங்கையில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் இதனைக் கண்டது. எம் வயதினரைச் சிறுபராயத்தில் எவரும் அப்படிப் பார்த்ததில்லை.

"இந்த வயதில் இப்பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்பர். பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, ஐயா! முகம் பார்த்துப் பேசாவிட்டால் கள்ளமனம். கலியாண வீட்டில் ஒதுங்கி நின்றால் பெருமைக்காரன். திருவிழா ஒலிபெருக்கியின் கீழ் காதைப் பொத்திக்கொண்டு நிற்பவனை விசரன் என்று பிள்ளைகளும் சொல்லப் பழகிவிட்டார்கள். இவற்றைவிட வைத்தியர் தரும் பெயர் எவ்வளவோ மேல்.

கனர் எழுதிய 11 பேரில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது அவரைக் கமக்காரக் குடும்பமொன்றோடு தங்கவிட்டனர். எதையும் அளப்பதும் எண்ணுவதுமாகவே இருந்த பிள்ளை அவர். அக்கமக்காரர் அதைத் தடுக்கவில்லை. கிணறு வெட்டச் செய்து, ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளன் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணியபோது, உழுதுகொண்டே எண்ணச் செய்தார்கள். வைத்தியசாலையில் தோன்றாத வழி வயலில் தோன்றியது பாருங்கள்! பின்னர் அவர் கல்லூரியில் பட்டம் பெற்றார்; உள்ளூர் வங்கியில் பல்லாண்டு வேலை பார்த்தார்; காரோட்டினார்; தனியே பல நாடுகளைச் சுற்றினார். 2023இல், 89ஆம் வயதில் காலமானார். அவர் குடும்பம் வசதியுள்ளது, அந்த வங்கியிலும் பங்குடையது என்பதை மறைக்கலாகாது. ஆனால் ஊரார் அவரைத் தம்மில் ஒருவராக வைத்துக்கொண்டது காசுக்காக மட்டுமன்று.

எங்கள் கரைவலையிலும் வாய் திறவாமல் கயிறு சுருட்டுபவனுக்குப் பங்கு உண்டு. நேர்முகப் பரீட்சைகளிலும் பெண் பார்க்கும் வீடுகளிலுந்தான் வாய்ச்சாலகம் கேட்கிறார்கள்.

நாம் இன்னும் வைத்தியரின் முடிவைப் பெறவில்லை. எமக்கு நாமே தீர்ப்பெழுதுவதும் முறையன்று. மிகுந்த கூச்சமும் மனப்பதற்றமும் சிலவேளை இதுபோலவே தோன்றும். இரத்தம் எடுத்தோ படம் பிடித்தோ இதனை அறிய முடியாது. உளமருத்துவ நிபுணர் எம்மோடு பேசிப் பார்ப்பார். பிள்ளைப் பருவத்தையும் விசாரிப்பார். எத்தனை வயதில் பேசத் தொடங்கினோம், கூப்பிட்டால் திரும்பினோமா, மற்றப் பிள்ளைகளோடு விளையாடினோமா, சிரட்டைகளை அடுக்கி அடுக்கித் தனியே இருந்தோமா என்றெல்லாம் கேட்பார். அவை எமக்கு நினைவில்லை. பெரியோர்களே, அவற்றை அறிந்தவர்கள் நீங்கள். 2004ஆம் ஆண்டுக் கடல்கோள் இக்கரையில் அத்தகைய சாட்சிகள் பலரைக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியிருக்கும் அம்மாமாரிடமும் பெரியம்மாமாரிடமும் எம்போன்றோர் ஒருநாள் வந்து கேட்பார்கள். "இப்ப என்னத்துக்கு அதெல்லாம்" என்று தட்டிவிடாமல், திண்ணையில் இருத்தி, நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள்.