ஏற்றத்தில் இன்பம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாங்கள் நால்வர். இக்காலனியில் வாழ்வோர்; ரயில்வே அலுவலகத்தில் கோப்பும் கணக்கும் பார்ப்போர்; நாற்பதைக் கடந்தோர். ஞாயிறுதோறும் விடியலில் கோபர்கைரனேயில் வண்டியேறி, பேலாப்பூரில் இறங்கி, பார்சிக் மலைமீது ஓடுகிறோம். “யாரும் துரத்தவில்லையே, ஏன் ஓடுகிறீர்கள்?” என்று இல்லத்தார் கேட்கின்றனர். அதற்கு இன்று விடை கூற முயல்கிறோம்.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதனினும் நீண்ட ஓட்டத்தை ‘அல்ட்ரா’ என்பர். அதனை மலைமீது ஓடுவோரும் உளர். லடாக்கில் கார்துங் சிற்றூரில் தொடங்கி, 17,000 அடிக்கு மேல் உயர்ந்த கார்துங் லா கணவாயைக் கடந்து, லே நகரில் முடிவுறும் ஓட்டம் 72 கிலோமீட்டர். நம் சஹ்யாத்ரியிலும், புனேயை அடுத்த சிம்மகட், ராஜ்கட், தோரணா ஆகிய மூன்று கோட்டைகளை இணைத்து 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றனர்.

நெடுந்தொலை ஓட்டங்களுள் புகழ்பெற்ற ஒன்றைத் தோற்றுவித்தவர் ரயில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் என்று அறிந்தபோது எங்கள் நெஞ்சு நிமிர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் விக் கிளாப்பம் என்பவரே அவர். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களுக்கு இவ்வோட்டமே உயிருள்ள நினைவுச்சின்னமாகட்டும் என்று விரும்பினார். அனுமதி மறுக்கப்பட்டும் தளரவில்லை. 1921 மே 24ஆம் நாள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை, குன்றுகளின் ஊடே முதல் ஓட்டம் நடந்தது. 34 பேர் புறப்பட்டனர். 16 பேரே முடித்தனர். ‘தோழர்கள்’ எனப் பொருள்படும் ‘காம்ரேட்ஸ்’ என்பதே அதன் பெயர். 1860 முதல் தமிழர் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நேட்டால் மண் அது. ஆயினும் 1975 வரை வெள்ளையர் அல்லாதார்க்கும் பெண்களுக்கும் அவ்வோட்டத்தில் முறையான இடம் இல்லை. தோழர் என்னும் சொல் தன் முழுப்பொருளை எய்த 54 ஆண்டுகள் ஆயின.

அச்சொல்லின் பொருளை நாங்களும் காலந்தாழ்ந்தே கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் புனேயை அடுத்த மலைப்பகுதியில் 50 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் நால்வரும் கலந்துகொண்டோம். நேர வரம்பிற்குள் வாராதார்க்குப் பதக்கம் இல்லை. முப்பத்தெட்டாம் கிலோமீட்டரில், எங்களுள் மூத்தவரான அண்ணாச்சிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. (அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், அவர் இசைவோடுதான் சொல்கிறோம்.) “நீங்கள் போங்கள் தம்பி, நான் மெல்ல வருகிறேன்” என்றார். நாங்கள் மூவரும் போனோம். பதக்கமும் பெற்றோம். அண்ணாச்சியை நேரம் கடந்தபின் ஜீப்பில் ஏற்றி வந்தனர்.

திரும்பும் ரயிலில் லோனாவாலாவில் அவரே சிக்கி வாங்கித் தந்து எங்களை வாழ்த்தினார். அவர் முகத்தை நோக்க இயலாமல் சன்னலை நோக்கினோம். போர் காட் இறக்கத்தில், பக்கத்துத் தடத்தில் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. 1863இல் திறக்கப்பட்ட அம்மலைப்பாதையில் 37 அடிக்கு 1 அடி ஏற்றம். ஆதலால் கர்ஜத்தில் பல வண்டிகளுக்குப் பின்புறம் பாங்கர் எஞ்சின்களைப் பூட்டுவர். அவை மேலே வரை தள்ளிவிட்டுக் கழன்றுகொள்ளும். அவற்றின் பெயர் எந்தக் கால அட்டவணையிலும் இராது. பன்முறை கண்ட காட்சிதான். அன்று அது எங்களைச் சுட்டது. அப்பதக்கங்களை வீட்டில் எவருக்கும் காட்டவில்லை.

மறு ஆண்டு மீண்டும் சென்றோம். அண்ணாச்சி முன்னே, நாங்கள் பின்னே. ஏற்றத்தில் நடந்தோம், சமவெளியில் ஓடினோம். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமோ தொடையை வாட்டும். வெறும் நீரையே மிகுதியாகப் பருகினால் குருதியில் உப்புக் குறைந்து தீங்கு நேருமாதலால், உப்பிட்ட எலுமிச்சை நீரும் வாழைப்பழமும் வேளை தவறாமல் உண்டோம். முந்தைய ஆண்டு கடிகாரத்தைத் தவிர எதையும் கண்டிலோம். இம்முறையோ மேகம் கோட்டைச் சுவரில் தவழக் கண்டோம். மலைச் சிற்றூர் மூதாட்டி ஒருவர் தந்த மோரை நின்று பருகினோம். வரம்பு முடிய 11 நிமிடம் இருக்கையில் நால்வரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம். எங்களுக்குப் பின் வந்தோர் மிகச் சிலரே. எனினும் அத்தகைய மகிழ்ச்சியை அதற்குமுன் நாங்கள் அறிந்ததில்லை.

இல்லத்தார்க்கு எங்கள் விடை இதுதான்: யாரும் துரத்தாததால்தான் ஓடுகிறோம். வார நாள்களில் கடிகாரம் நம்மைத் துரத்துகிறது; அங்கே உடன் வருபவரைப் பார்க்க நேரமில்லை. மலையிலோ நம் வேகத்தை நாமே தேர்கிறோம். யாருடன் செல்வது என்பதையும் நாமே தேர்கிறோம்.

இதனை இச்சங்கத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஊரைவிட்டு வெறுங்கையோடு வந்த நாளில், தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ பாய் விரிக்க இடம் தந்த ஒருவர் நம் ஒவ்வொருவர்க்கும் இருந்திருப்பார். அவரே நம்மைப் பின்னிருந்து தள்ளிய பாங்கர். புதிதாய் வருவோர்க்கு நாம் அவ்வாறு நிற்கிறோமா என எண்ணிப் பார்ப்போமாக.

வரும் ஞாயிறு முதல் வண்டிக்கு ரயில் நிலையத்தில் காத்திருப்போம். நடக்க இயன்றவர் எவரும் வரலாம். விட்டுவிட்டுப் போகமாட்டோம்.