அணை நின்றது, ஊர் அழிந்தது



இத்தாலி நாட்டில் வயோந்த் ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 262 மீட்டர் உயரமுள்ள அணை எழுந்தது. 1960-இல் நீர் தேக்கத் தொடங்கினர். அவ்வாண்டே கரையிலுள்ள டோக் மலைச் சரிவில் நெடிய பிளவு தோன்றிற்று.

பொறியாளர் வாளாவிருந்தாரல்லர். சரிவில் அடையாளக் குறிகள் நாட்டி, மலை எவ்வளவு நகர்கிறது என்று அளந்தனர். துளையிட்டு நிலத்தடி நீர்மட்டமும் பார்த்தனர். ஏரி உயர்ந்தால் நகர்ச்சி விரைந்தது, தாழ்ந்தால் தணிந்தது. பாறை இடுக்குகளிற் புகும் நீர், அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்துவதே காரணம். ஆகவே நீரை மெல்ல ஏற்றியிறக்கி மலையை அடக்கலாம் என்று நம்பினர்.

1963 இலையுதிர் காலத்தில் அக்கணக்குப் பொய்த்தது. நீரை இறக்கியும் வேகம் தணியவில்லை. நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் வரை எட்டியது. சரிவில் வாழ்ந்தோரை வெளியேறச் சொன்னார்கள். பள்ளத்தாக்கிலிருந்த லோங்கரோனே ஊராரை எவரும் அகற்றவில்லை. அக்டோபர் 9 இரவு, ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் பாறை ஏரியில் வீழ்ந்தது. பேரலை அணையைத் தாண்டிப் பாய்ந்தது. மாண்டோர் ஏறத்தாழ 2,000 பேர். அணையோ இன்றும் நிற்கிறது!

இந்நாளில் செயற்கைக்கோள் ரேடார் மில்லிமீட்டர் அளவு நகர்ச்சியையும் காட்டவல்லது. கருவி வளர்ந்தது, கடமை மாறவில்லை. அளவை எழுதுவோர் ஒருவர், அதன் பொருளைத் தீர்மானிப்போர் ஒருவர், உயிரிழப்போர் வேறொருவர். இன்றைய அளவு நேற்றைய கணக்கோடு ஒவ்வாதபோது, அடிவாரத்து மக்களை முதலில் அகற்றுக. ஆராய்ச்சி பின்னர் நடக்கட்டும்.