மூளைத்தண்டு: தீவிர சிகிச்சைப் பிரிவின் இரண்டு படுக்கைகள்



தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு படுக்கைகள். ஒன்றில் இருப்பவரின் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, நாடி துடிக்கிறது. அவர் இறந்துவிட்டார். மற்றொன்றில் இருப்பவரிடம் கை, கால், முகம் எதிலும் அசைவில்லை, கூப்பிட்டால் பதில் வருவதில்லை. அவரோ நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் பழுது ஏற்பட்டிருப்பது மூளைத்தண்டில்தான். ஆனால் பழுதின் அளவு வேறு, மட்டமும் வேறு.

மூளைத்தண்டு ஏறத்தாழக் கட்டைவிரல் பருமன், ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். மேலே நடுமூளை, அடுத்து பான்ஸ், கீழே முகுளம். கைகால்களுக்கு இறங்கும் கட்டளைகளும் உடம்பிலிருந்து ஏறும் உணர்வுகளும் இதைக் கடந்தே ஆகவேண்டும். மூச்சின் தாளம் முகுளத்தில் உருவாகிறது. நம்மை விழிப்பில் வைத்திருக்கும் நரம்பு வலை நடுமூளையிலும் பான்ஸின் மேற்பகுதியிலும் இருக்கிறது. 1949-இல் மொருஸ்ஸியும் மகூனும் பூனைகளில் அதைத் தூண்டியபோது, மூளையின் உறக்க அலைகள் விழிப்பு அலைகளாக மாறின.

கபால நரம்புகள் பன்னிரண்டு இணைகள் என்று 1778-இல் வகுத்தவர் ஜெர்மனியின் ஸோமரிங். முதல் இரண்டும் முன்மூளையைச் சேர்ந்தவை. மூன்றும் நான்கும் நடுமூளைக்கு உரியவை. ஐந்து முதல் எட்டு வரை பான்ஸிலும் அதன் கீழ் விளிம்பிலும் வெளிப்படுகின்றன. எஞ்சியவை முகுளத்தைச் சேர்ந்தவை, பதினோராவது மட்டும் பெரும்பாலும் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஏறி வருகிறது. மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். எந்த நரம்பு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், பழுது எந்த மட்டத்தில் என்று ஸ்கேன் வருமுன்பே சொல்லிவிடலாம்.

முதல் படுக்கைக்கு வருவோம். மயக்க மருந்தோ, உடல் குளிர்ந்துபோனதோ, ரத்தத்தில் சர்க்கரை, உப்புக் கோளாறோ இந்த நிலைக்குக் காரணமில்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு சோதனை மேலிருந்து கீழே இறங்குகிறது. கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்க வேண்டும். ஒளிச்செய்தி இரண்டாம் நரம்பில் உள்ளே போய், நடுமூளையைத் தொட்டு, மூன்றாம் நரம்பில் திரும்புகிறது. பஞ்சுத் திரியின் நுனியால் கருவிழியைத் தொட்டால் இமை மூட வேண்டும். உணர்வது ஐந்தாம் நரம்பு, மூடுவது ஏழாம் நரம்பு, இடையில் இருப்பது பான்ஸ். தலையை முப்பது டிகிரி உயர்த்தி, செவிப்பறை நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, 50 மில்லி பனிக்கட்டி நீரைக் காதில் மெல்லச் செலுத்துகிறோம். ஆழ்மயக்கத்தில் கிடந்தாலும் மூளைத்தண்டு உயிரோடிருந்தால் இரு கண்களும் அந்தக் காதுப் பக்கமாக மெதுவாக நகரும். அது இறந்திருந்தால் கண்கள் நடுவிலேயே நிற்கும். அடுத்து தொண்டையைத் தொட்டும், மூச்சுக்குழாய்க்குள் உறிஞ்சுகுழாயை விட்டும் குமட்டலோ இருமலோ வருகிறதா என்று பார்க்கிறோம். இது ஒன்பது, பத்தாம் நரம்புகளின் வேலை, முகுளத்தின் மட்டம்.

கடைசியில் மூச்சு. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு ஆக்சிஜனை மட்டும் உள்ளே செலுத்தியபடி எட்டுப் பத்து நிமிடம் மார்பையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ரத்தத்தில் கரியமில வாயு 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டியும் ஒரு மூச்சுகூட எழவில்லை என்றால் முகுளமும் போய்விட்டது.

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை இந்தச் சோதனைகளைச் செய்து மூளைச்சாவு என்று சான்றளிக்கிறது. 2008-இல் திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதியர் தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்தபோது ‘மூளைச்சாவு’ என்ற சொல் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளையும் எட்டியது. சொல் எட்டிய அளவுக்கு விளக்கம் எட்டவில்லை. “இதயம் துடிக்குதே டாக்டர், எப்படி இறந்துட்டார்னு சொல்றீங்க?” என்று ஒரு தாய் கேட்டால், அது முற்றிலும் நியாயமான கேள்வி. இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே உண்டாக்கும் திசு உண்டு. ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது துடிக்கும் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். சில நேரம் கைகூட அசையும். அது தண்டுவடத்தின் அனிச்சை அசைவு. முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்த ஓர் அசைவு குடும்பத்தை வாழ்நாள் முழுக்க வதைக்கும். குடும்பத்தில் ஒருவர் விரும்பினால் மூச்சுச் சோதனையின்போது அருகில் நிற்க அனுமதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திரையில் வரும் எண்களை அவர்கள் நம்பாமல் போகலாம். எழாத மார்பை அவர்களே பார்க்கட்டும்.

இரண்டாம் படுக்கை. பேசிலர் தமனி அடைபட்டால் பான்ஸின் முன்பகுதி அழிகிறது. அங்கேதான் கைகால்களுக்கும் முகத்துக்கும் நாக்குக்கும் போகும் இயக்கப் பாதைகள் அத்தனையும் நெருங்கிச் செல்கின்றன. பின்பகுதியிலும் நடுமூளையிலும் உள்ள விழிப்பு வலை தப்பிவிடுகிறது. மூன்றாம் நரம்பும் தப்புகிறது. அதனால் கண்ணை மேலும் கீழும் அசைக்கலாம், இமையை உயர்த்தலாம். மற்ற எதுவும் முடியாது. 1966-இல் பிளம், போஸ்னர் என்ற இரு அமெரிக்க நரம்பியலாளர்கள் இதற்குத் தனிப்பெயர் இட்டார்கள். பிரான்சின் ‘எல்’ இதழாசிரியர் ழான்-தொமினிக் போபி 1995 டிசம்பரில் இந்த நிலைக்கு ஆளானார். உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் இடது இமையைச் சிமிட்டி ஒரு முழு நூலையே சொல்லி எழுதவைத்தார். 1997 மார்ச்சில் நூல் வெளியான சில நாட்களிலேயே காலமானார்.

இப்படிப்பட்டவருக்கு நினைவிருப்பதை முதலில் கண்டுகொள்வது பல நேரங்களில் குடும்பத்தார்தான். “என்னைப் பார்க்கிறார்” என்று மனைவி சொன்னால் அதை ஆசை என்று தள்ளாதீர்கள். கையைப் பிடித்து அழுத்தச் சொல்லிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், “அம்மா, மேலே பாருங்க, இப்ப கீழே பாருங்க” என்று இப்படிக் கிடக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் கேளுங்கள், மறுநாளும் கேளுங்கள். கண் சொன்னபடி போனால் ‘ஆம்’ என்பதற்கு மேலே, ‘இல்லை’ என்பதற்குக் கீழே என்று முடிவுசெய்து, படுக்கையின் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள்; அடுத்த பணிநேரத்துச் செவிலியருக்கும் சொல்லுங்கள். பெரும்பாலும் இவர்களுக்குத் தொடுவதும் வலிப்பதும் தெரியும். ஊசி போடுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போடுங்கள்.